கவுன்சலர் ஆக எந்தப் படிப்பு? வார இறுதிப் பயிலரங்கு முதல் முதுகலை வரை ஒரு மதிப்பீடு

வார இறுதிப் பயிலரங்கு, நாற்பது வீடியோக்கள் கொண்ட ஆன்லைன் கோர்ஸ், ஆறு மாத டிப்ளமோ, இரண்டு வருட டிப்ளமோ, முதுகலைப் பட்டம். எதை முடித்தாலும் கைக்கு வருவது ஏறத்தாழ ஒரே மாதிரியான காகிதம்தான்: தங்கநிற விளிம்பு, ஒரு முத்திரை, இரண்டு கையெழுத்து. விளம்பரங்களும் ஒரே வரியைத்தான் பாடுகின்றன, "நீங்களும் கவுன்சலர் ஆகலாம்" என்று. ஆனால் படிப்பு முடிந்த மறுநாள், முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து அழ ஆரம்பித்தால் என்ன செய்யத் தெரியும் என்று பார்த்தால் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இங்கே ஒவ்வொரு நிலையையும் மூன்று கேள்விகளால் எடை போடுகிறோம். நிஜமான க்ளையன்ட்டுகளோடு எத்தனை மணி நேரம்? அந்த நேரத்துக்கு யார் சூப்பர்விஷன், அதாவது அனுபவசாலியின் மேற்பார்வை, தருகிறார்? இந்தப் படிப்பில் யாராவது ஃபெயில் ஆகிறார்களா? மூன்றாவது கேள்வி குசும்பாகத் தெரியலாம். சேர்ந்த அத்தனை பேரும் தேறிவிடும் பயிற்சியில், பயிற்சி பெறுபவர் பேசுவதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவே இல்லை என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒருநாள், இரண்டுநாள் பயிற்சிகள்

இவற்றைக் கேலி செய்யத் தேவையில்லை. உளவியல் முதலுதவிப் பயிற்சி இந்த வகையில் நல்ல உதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட களப்பணியாளர் கையேடு அதை மூன்று வேலைகளாகச் சுருக்குகிறது: பார், கேள், இணைத்துவிடு. ஆபத்து இருக்கிறதா, அவசரத் தேவை யாருக்கு என்று பார்ப்பது; வற்புறுத்தாமல் கேட்பது; உறவினர், மருத்துவம், தங்குமிடம் என்று உரிய இடத்தோடு சேர்த்துவிடுவது. அவ்வளவுதான். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டாவது வேலையில் ஆர்வம் மிகுந்து "என்ன நடந்தது, முழுசாச் சொல்லுங்க" என்று கிண்டுவது. அதிர்ச்சியில் இருப்பவரை நடந்ததையெல்லாம் வரிசையாக விவரிக்கச் சொல்வது இந்த முதலுதவியின் பகுதியே அல்ல என்று அந்தக் கையேடே எச்சரிக்கிறது. நல்ல பயிற்சியாளர் பாதி நேரத்தை எதைச் செய்யக்கூடாது என்பதற்கே ஒதுக்குவார். தன்னார்வலர், ஆசிரியர், வரவேற்பறையில் வேலை செய்பவர் ஆகியோருக்கு இது போதும். இதை வைத்துக்கொண்டு "கவுன்சலர்" என்று அட்டை அடிப்பது அபத்தம்.

வீடியோ கோர்ஸ்

நமக்கு வசதியான நேரத்தில் பார்த்து, கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு எழுதும் வகையைச் சொல்கிறோம். நேரலையில் சின்னக் குழுவாக, ஒருவரையொருவர் பார்த்துப் பயிலும் ஆன்லைன் வகுப்பு வேறு ஜாதி. அதை இதோடு சேர்க்கக்கூடாது.

வீடியோ கோர்ஸ் ஒரு புத்தகம் வாசிப்பதற்குச் சமம். துறை பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள உதவும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில் மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகள் சொன்னார் என்பதும், அவற்றில் பரிவுணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் ஆகிய மூன்றும்தான் பாடநூல்களில் பிரபலமாயின என்பதும் இதில் தெரிந்துவிடும். தெரியாமல் போவது, "நான் எதுக்குமே லாயக்கில்ல" என்று ஒருவர் சொல்லும் கணத்தில் நம் வாய் என்ன சொல்கிறது என்பது. "அப்படியெல்லாம் இல்ல, நீங்க எவ்வளவு திறமைசாலி!" என்றுதான் பெரும்பாலோர் வாயில் வரும். அன்பான பதில்தான், ஆனால் எதிரே இருப்பவர் பேச்சு அதோடு நின்றுவிடும். யாராவது அந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க" என்று காட்டினால்தான் அது உறைக்கும். வீடியோ நிறுத்தாது.

திறன் பயிற்சிச் சான்றிதழ்

ஆள் ஆளோடு உட்கார்ந்து பழகும் முதல் நிலை இது. கேட்டதைச் சுருக்கிச் சொல்வது, உணர்வைப் பெயரிட்டுத் திருப்பிச் சொல்வது, "ஆம்" "இல்லை" என்று முடியாத கேள்வி கேட்பது, மௌனத்தைத் தாங்குவது, நேரம் பார்த்து உரையாடலை முடிப்பது. பயிற்சி முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: மூவர் குழு. ஒருவர் கவுன்சலர், ஒருவர் க்ளையன்ட், மூன்றாமவர் பார்வையாளர்; இருபது நிமிடப் பேச்சு, பத்து நிமிடக் கருத்து, பிறகு இடம் மாற்றம். மூன்று சுற்றுக்குத் தொண்ணூறு நிமிடம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். வகுப்பில் 18 பேர், பயிற்சியாளர் ஒருவர் என்றால் ஆறு மூவர் குழுக்கள். தொண்ணூறு நிமிடத்தில் ஒரு குழுவுக்குப் பயிற்சியாளர் தரக்கூடியது பதினைந்து நிமிடம். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம். வகுப்பில் 40 பேர் என்றால் பயிற்சியாளர் நம்மைப் பார்க்கவே வாய்ப்பில்லை, தவறுகளை ஒருவருக்கொருவர் பாராட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு பயிற்சியாளருக்கு 12 பேரைத் தாண்டாத வகுப்பைத் தேடுவது நல்லது. இன்னொன்று: க்ளையன்ட்டாக உட்காருபவர் கற்பனைப் பாத்திரம் நடிக்கிறாரா, தன் சொந்த வாழ்க்கையின் சின்னப் பிரச்சினை ஒன்றைக் கொண்டுவருகிறாரா? நடித்தால் கவுன்சலர் பக்கம் நல்ல பயிற்சி கிடைக்காது. நடிகர் கதையை ஓட்டிக்கொண்டே போவார். நிஜ மனிதர் தயங்குவார், தடம் மாறுவார், சிரித்து மழுப்புவார். பழக வேண்டியது அதற்குத்தான்.

ஆசிரியர், செவிலியர், மனிதவளத் துறையினர், சமயப் பணியாளர், தொலைபேசி உதவி மையத் தன்னார்வலர் ஆகியோருக்கு இதுவே சரியான நிலை. தன் வேலையைத் தன் வேலையாகவே செய்துகொண்டு, அதில் கேட்கும் திறனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பலர் இதற்கு மேலே போய்ப் பணத்தையும் வருடங்களையும் விரயம் செய்கிறார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

யாரும் கண்டுகொள்ளாத நிலை

குறுகிய பயிற்சி, குறுகிய வேலை, கூடவே இறுக்கமான சூப்பர்விஷன். இந்தச் சேர்க்கை விளம்பரங்களில் தென்படுவதில்லை, ஏனென்றால் இதை நடத்துபவை பெரும்பாலும் தொண்டு அமைப்புகளும் பொதுச் சுகாதாரத் திட்டங்களும்தான். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' இதில் பேர்போனது. சுகாதார மையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து, பிரச்சினையைப் பிரித்துப் பார்த்துத் தீர்க்கும் முறையை ஒருவரோடு சில அமர்வுகள் செய்வார்கள். 2016-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களிடம் போனவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட, பிரச்சினைகளைக் கையாளக் கற்றுத்தரும் 'பிஎம் ப்ளஸ்' முறையும் இதே குடும்பம். வாரம் ஒன்று வீதம் ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், நான்கு உத்திகள். சிறப்பு நிபுணர் அல்லாதவர்களே பயிற்சி பெற்றுச் செய்யலாம்.

பாட்டிமாருக்குப் பட்டமில்லை, அப்படியிருக்க நமக்கு எதற்கு இரண்டு வருடப் படிப்பு என்று இதைத் திருப்பிப் படிப்பவர்களும் உண்டு. அங்கே வேலையின் எல்லை கோடு போட்டது போல இருக்கிறது: இன்ன பிரச்சினை, இன்ன முறை, இத்தனை அமர்வு, அதைத் தாண்டினால், தற்கொலை எண்ணம் தெரிந்தால், உடனே மேலே அனுப்பு. மேலே அனுப்ப ஆள் இருக்கிறது. தனியாகப் பலகை மாட்டி உட்காருபவருக்குக் கோடும் இல்லை, மேலே ஆளும் இல்லை. கதவைத் திறந்து யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால்தான் அவருக்குக் கூடுதல் படிப்பு தேவைப்படுகிறது.

நடுப்படி

சில நாடுகளில் திறன் சான்றிதழுக்கும் டிப்ளமோவுக்கும் நடுவே கோட்பாடும் நெறிமுறையும் கற்பிக்கும் ஒரு வருடப் படிப்பு உண்டு. பிரிட்டனில் இந்தப் படிகளுக்கு எண்ணே இருக்கிறது: லெவல் 2 திறன்கள், லெவல் 3 கவுன்சலிங் ஸ்டடீஸ், லெவல் 4 டிப்ளமோ. மேலே போவது உறுதி என்றால் மட்டும் நடுப்படியில் கால் வைக்கலாம். அங்கேயே நின்றால் வேலைக்கும் ஆகாது, திறன் சான்றிதழைவிடப் பெரிய பயனும் இல்லை.

டிப்ளமோ என்ற சொல்லின் கீழே என்னென்ன இருக்கிறது

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். களப்பயிற்சியே இல்லாத ஆறு மாதப் படிப்புக்கும் டிப்ளமோ என்றுதான் பெயர். நூறு மணி நேரம் க்ளையன்ட்டுகளைப் பார்த்துவிட்டு வெளியே வரும் இரண்டு வருடப் படிப்புக்கும் அதே பெயர். பெயரை மறந்துவிட்டுப் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். பிரிட்டனின் பெரிய தொழில் அமைப்பான பிஏசிபி, கவுன்சலராகத் தயாராவதற்கான அடிப்படைப் பயிற்சி முழுநேரமாக ஒரு வருடமோ பகுதிநேரமாக இரண்டு வருடமோ இருக்க வேண்டும், அதற்குள்ளேயே குறைந்தது 100 மணி நேரம் மேற்பார்வையுள்ள களப்பயிற்சி அடங்கியிருக்க வேண்டும் என்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் இதை ஒரு குறைந்தபட்ச அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நூறு மணி கேட்கச் சின்னதாகத் தெரியும். வாரம் இரண்டு க்ளையன்ட் என்று வைத்தால் ஐம்பது வாரத்தில் முடிய வேண்டும் அல்லவா? முடியாது. க்ளையன்ட் வராமல் போவார், காய்ச்சல் என்பார், மூன்றாவது அமர்வோடு நின்றுவிடுவார். நான்கில் ஒரு அமர்வு இப்படிப் போனால் வாரம் ஒன்றரை மணிதான் சேரும்; நூறு மணிக்கு 67 வாரம். ஒரே வருடத்தில் முடியும் என்று சொல்லும் படிப்பில், வாரம் மூன்று அல்லது நான்கு க்ளையன்ட் ஒதுக்கும் இடம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடம் முடிந்த பிறகும் மணி சேராமல் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருக்கும். வராமல் போன அமர்வு கணக்கில் சேராது என்பதையும் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

களப்பயிற்சி இடத்தை யார் ஏற்பாடு செய்கிறார் என்பதே அடுத்த கேள்வி. "மாணவர்களே தேடிக்கொள்ளலாம், நாங்கள் கடிதம் தருவோம்" என்று சொன்னால், எந்தெந்த அமைப்புகள் கடந்த வருடம் இவர்களுடைய மாணவர்களை எடுத்தன என்று கேட்கவும். பெயர் சொல்ல முடியாமல் பொதுவாகப் பேசினால் விஷயம் விளங்கிவிடும். இடம் கிடைத்தாலும், முதல் சந்திப்பில் யாரோ அனுபவசாலி க்ளையன்ட்டைப் பரிசீலித்து, தொடக்க நிலை மாணவருக்கு ஏற்றவரைத்தான் அனுப்புகிறாரா என்று பார்க்க வேண்டும். அந்த வடிகட்டல் இல்லாத இடத்தில், இரண்டாம் வாரமே தற்கொலை முயற்சியிலிருந்து மீண்ட ஒருவர் எதிரே வந்து உட்காருவார். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்பது நன்கு தெரிந்த விஷயம். ஆனால் அந்தக் கேள்வியைக் குரல் நடுங்காமல் கேட்க, முன்பே வகுப்பில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். களப்பயிற்சிக்கு அனுப்பும் முன் "தகுதிச் சோதனை" வைக்கும் நிறுவனத்துக்கு எங்கள் பட்டியலில் கூடுதல் மதிப்பெண்.

சூப்பர்விஷன் என்றால் துறைத் தலைவர் அறையில் கையெழுத்து வாங்குவது அல்ல. மாணவர் தன் அமர்வை, க்ளையன்ட்டின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு பதிவு செய்து, பத்து நிமிடப் பகுதியை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொண்டுவருவார். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் "ஏன் இதைச் சொன்னேன்" என்று எழுதியிருப்பார். சூப்பர்வைசர் அதைக் கேட்டுவிட்டுப் பேசுவார். வாய்மொழி அறிக்கை மட்டும் கேட்கும் சூப்பர்விஷனில், மாணவர் தான் கவனிக்காததைச் சொல்லவே முடியாது, கவனிக்காததால்தானே அது தவறு. மாதம் ஒன்றரை மணி நேரம் என்பது தன் அங்கீகாரம் பெற்றுப் பணியில் இருக்கும் உறுப்பினர்களுக்கே பிஏசிபி வைக்கும் குறைந்தபட்ச அளவு. மாணவருக்கு அதற்கும் குறைவாகத் தரும் படிப்பை ஒதுக்கிவிடலாம். மதிப்பெண் போடுபவரும் சூப்பர்வைசரும் ஒரே ஆள் என்றால் மாணவர்கள் தவறை மறைக்கப் பழகிவிடுவார்கள். இரண்டு வேலைக்கும் வெவ்வேறு ஆள் இருப்பது நல்லது.

"ஐந்து சிகிச்சை முறைகளில் பயிற்சி" என்று பெருமையடித்தால் எச்சரிக்கை தேவை. ரோஜர்ஸ் வழி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, உளஇயங்கியல், கெஸ்டால்ட், டிரான்சாக்‌ஷனல் அனாலிசிஸ் எல்லாம் ஒரே வருடத்தில் என்றால் எல்லாவற்றிலும் அறிமுகம்தான் கிடைக்கும். அமர்வு சிக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. அழுபவரிடம், மனதில் ஓடும் எண்ணங்களை எழுதச் சொல்லும் எண்ணப் பதிவுத் தாளை நீட்டும் மாணவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். ஒன்றை ஆழமாகப் படித்துவிட்டு, பிறகு இன்னொன்றைச் சேர்ப்பது மெதுவாகத் தெரிந்தாலும் உறுதியானது. ஒன்றிணைந்த முறை என்று சொல்லும் படிப்பு என்றால், எதை எதோடு எந்தக் காரணத்தால் இணைக்கிறோம் என்பது ஒரு பக்கத்திலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

செலவில் கட்டணம் ஒரு பகுதிதான். வெளி சூப்பர்வைசர், மாணவர் தாமே கவுன்சலிங் பெற வேண்டிய மணிகள், தொழில் காப்பீடு, களப்பயிற்சிக்குப் போய்வரும் செலவு, மறுமதிப்பீடு ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கவும். முன்பணம் கட்டிய பிறகு இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வது பல இடங்களின் வழக்கம்.

முதுகலை

கவுன்சலர் என்ற பெயருக்கே உரிமம் வேண்டும் என்று சட்டம் உள்ள இடங்களில் டிப்ளமோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசலைத் தாண்டாது. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் உரிமச் சட்டம் உண்டு. 1976-ல் வர்ஜீனியா தொடங்கியது, 2009-ல் கலிபோர்னியா முடித்து வைத்தது. அங்கே முதுகலைக்குப் பிறகும் பல மாநிலங்களில் 3,000 மணி நேர மேற்பார்வைப் பணி கழிந்தால்தான் தனியாக உட்காரலாம். பிரிட்டனிலோ அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. யாரும் போட்டுக்கொள்ளலாம், தொழில் அமைப்பின் பதிவேடுதான் வேலி. ஆகவே படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்: எங்கே, யாரிடம் வேலை செய்யப் போகிறோம் என்று முடிவு செய்து, அங்குள்ள பதிவேட்டின் விதிகளை எடுத்து, அதற்குப் பொருந்தும் படிப்பைத் தேடுவது.

அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் காக்ரெப் அமைப்பின் அளவு எங்கிருந்தாலும் ஒப்பிட உதவும்: 60 கிரெடிட், முதல் கட்டக் களப்பயிற்சி 100 மணி, அதில் 40 மணி நேரடியாக க்ளையன்ட்டோடு, அடுத்து இன்டர்ன்ஷிப் 600 மணி, அதில் 240 மணி நேரடியாக. மொத்தம் 700 என்று விளம்பரத்தில் போட்டாலும் க்ளையன்ட்டுக்கு எதிரே உட்காருவது 280 மணிதான். மீதி அமர்வுக் குறிப்பு எழுதுவதும் கூட்டங்களும். எந்தப் படிப்பு மணிக்கணக்கு சொன்னாலும் இந்தப் பிரிவினையைக் கேட்காமல் நம்பக்கூடாது.

முதுகலை உளவியலும் முதுகலை கவுன்சலிங்கும் ஒன்று என்று நினைத்துச் சேருவதுதான் இந்த நிலையின் பெரிய விபத்து. உளவியலில் புள்ளியியல், ஆய்வுமுறை, சோதனைக்கூடம், ஆளுமைக் கோட்பாடுகள் எல்லாம் பிரமாதமாக இருக்கும். ஒரு க்ளையன்ட்டைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். பிறகு அதன் மேல் டிப்ளமோ படிக்க வேண்டிவரும்.

தம்பதியர், குழந்தைகள், போதைப் பழக்கம், பேரதிர்ச்சி என்று தனித்துறைப் பயிற்சிகள் இவற்றுக்கு மேலே வருபவை. ஃபிரான்சின் ஷப்பிரோ 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய, கண் அசைவைப் பயன்படுத்தும் பேரதிர்ச்சிச் சிகிச்சையான இஎம்டிஆர் போன்றவற்றை, ஏற்கெனவே க்ளையன்ட் பார்க்கும் மனநலப் பணியாளர்களுக்கு மட்டுமே முறையாகக் கற்பிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால் அந்த இடத்தைத் தவிர்க்கலாம்.

அங்கீகாரம் என்ற பெயரில்

ஐஎஸ்ஓ 9001 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான தரச் சான்று. உள்ளே கவுன்சலிங்கை ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா என்பது பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. "சிபிடி (CPD) புள்ளிகள் உண்டு" என்பதும் அப்படித்தான்: ஏற்கெனவே தகுதி பெற்றவர்கள் தங்கள் தொடர்கல்விக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பொருள், புதியவருக்குத் தகுதி தரும் என்று பொருளில்லை. "சர்வதேச வாரியம்" ஒன்று அங்கீகரித்திருந்தால், அந்த வாரியம் வேறு எந்தெந்த நிறுவனங்களை அங்கீகரித்திருக்கிறது, யாரையாவது நிராகரித்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கவும். ஒரே கட்டடத்து முகவரியில் வாரியமும் நிறுவனமும் இருப்பது புதிதல்ல.

சேரும் முன் போனில் கேட்க வேண்டியவை இவைதான். நேரடி க்ளையன்ட் மணி எத்தனை. களப்பயிற்சி இடம் யார் பொறுப்பு. சூப்பர்வைசருக்கு என்ன தகுதி, மாதம் எத்தனை மணி. அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பிடுகிறார்களா. கடந்த தொகுதியில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள். இடையில் நின்றால் முடித்த பாடங்களை வேறு நிறுவனம் ஏற்குமா. பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கவும். "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று மூன்றாவது தடவையும் சொன்னால் முன்பணம் கட்ட வேண்டாம்.

எந்த நிலை என்று இன்னும் முடிவாகாதவர்கள், 12 பேருக்கு மிகாத ஒரு திறன் பயிற்சிச் சான்றிதழில் சேர்ந்து, கடைசி வாரத்தில் பயிற்சியாளரிடம் எழுத்தில் ஒரு கருத்து கேட்கலாம்: டிப்ளமோவுக்கு இப்போதே போகலாமா, ஒரு வருடம் பொறுக்கலாமா, ஏன் என்று.